ஓட்டோகிளேவ் வாங்குமுன் தண்ணீரைப் பாருங்கள்

ஒன்றோ இரண்டோ தியேட்டர் உள்ள வைத்தியசாலை. திருகோணமலை நகரத்துத் தனியார் சத்திரசிகிச்சை நிலையமாக இருக்கலாம், கிண்ணியா, மூதூர், கந்தளாய் அளவிலான ஆதார வைத்தியசாலையாகவும் இருக்கலாம். கருவிகளைக் கிருமியழிக்கப் புதிய ஏற்பாடு வேண்டுமென்று கூட்டம் கூடுகிறது. மேசையில் மூன்று விலைமனுக்கள் கிடக்கும். ஒன்று 300 லீற்றர் வெற்றிட ஓட்டோகிளேவ், அதாவது அமுக்க நீராவியால் கிருமியழிக்கும் இயந்திரம், ஒன்று ஹைட்ரஜன் பெரொக்சைட் பிளாஸ்மா இயந்திரம், மற்றது "இப்போதைக்கு இது காணும்" என்று விற்பனையாளர் சொல்லும் 23 லீற்றர் மேசை இயந்திரம். எல்லோரும் லீற்றரையும் விலையையும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கழுவும் தொட்டி எந்த நிலையில் இருக்கிறது, அதற்கு எந்தத் தண்ணீர் வருகிறது என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

இங்கே ஒப்பீட்டை அந்தத் தொட்டியிலிருந்து தொடங்குகிறோம். காய்ந்து ஒட்டிய இரத்தத்துக்குள் நீராவியும் போகாது, வாயுவும் போகாது. கழுவாத கருவியை எந்த விலை இயந்திரத்துக்குள் வைத்தாலும் சுட்ட அழுக்குத்தான் வெளியே வரும்.

கழுவுதல்: கையா, மீயொலித் தொட்டியா, இயந்திரமா

முதலில் விட வேண்டியது ஒரு பழக்கம். பாவித்த கருவியை அப்படியே 0.5 வீதக் குளோரின் வாளிக்குள் போட்டு வைப்பது நம் பக்கத்தில் இன்னும் போகவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2016ஆம் ஆண்டு வழிகாட்டி இதைச் செய்ய வேண்டாம் என்கிறது. இரத்தம் கலந்தவுடன் குளோரினின் வலு போய்விடும், ஆனால் துருப்பிடியா உருக்கை அரிக்கும் வேலையை அது விடாது. "கிருமி செத்துவிட்டது" என்ற நினைப்பில் கையுறை இல்லாமல் வாளிக்குள் கைவிடும் சிற்றூழியருக்குத்தான் ஆபத்து. உப்பு நீரில், அதாவது சேலைனில் ஊறவைப்பதும் அதே அளவு கெடுதல். சத்திரசிகிச்சை நடக்கும்போதே கிருமியழித்த தண்ணீரில் நனைத்த துணியால் கருவியைத் துடைப்பது, முடிந்ததும் ஈரத்துணி போர்த்தி மூடிய பெட்டியில் கழுவுமிடத்துக்கு அனுப்புவது, இவ்வளவும் போதும். ஈரம் காயாமல் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

கையால் கழுவுவதற்கு மூன்று தொட்டிகள் வேண்டும். முதலாவதில் நொதிச் சவர்க்காரக் கரைசல். அளவு போத்தலில் எழுதியிருக்கும், பெரும்பாலானவற்றுக்கு லீற்றருக்கு 5 முதல் 10 மில்லிலீற்றர் வரை. இங்கே தவறுவது அளவில்தான். "ஒரு மூடி ஊற்று" என்றால் ஒருவர் அரை மூடி ஊற்றுவார், இன்னொருவர் இரண்டு மூடி. தொட்டியின் உட்சுவரில் 10 லீற்றர் மட்டத்தில் அழியாத கோடு ஒன்று போட்டு, அளவுக்குவளையைச் சங்கிலியில் கட்டித் தொங்கவிட்டால் அந்தப் பிரச்சினை அன்றோடு முடியும். தண்ணீர் 45 பாகைக்கு மேல் போகக்கூடாது. சூடு கூடினால் இரத்தப் புரதம் முட்டை வெள்ளைக்கரு போல இறுகிக் கருவியோடு ஒட்டிவிடும். ஐந்து முதல் பத்து நிமிடம் ஊறவிட்டு, தண்ணீருக்கு அடியில் வைத்தே மெல்லிய தூரிகையால் தேய்க்க வேண்டும். மேலே தூக்கித் தேய்த்தால் துளிகள் முகத்துக்கு வரும். இரும்பு நாரும் பாத்திரம் கழுவும் பொடியும் அந்த அறைக்குள் வரவே கூடாது. இரண்டாவது தொட்டி அலசுவதற்கு. மூன்றாவது கடைசி அலசலுக்கு, அதற்குத் தனித் தண்ணீர். அதைப் பிறகு பார்ப்போம். கரைசலை அடுத்த நாளைக்கு மிச்சம் பிடிக்க வேண்டாம். விடியும்போது அது கிருமிக்குக் கஞ்சி.

கழுவியது சுத்தமா என்று பார்க்க ஒரு ஆர்ட்டரி போசெப்ஸை, அதாவது இரத்தக்குழாயைப் பிடிக்கும் இடுக்கியை எடுத்து முழுதாக விரித்து விளக்கடியில் பிடியுங்கள். நுனியும் பல்லும் பளபளக்கும், அவை எப்போதும் அப்படித்தான். பார்க்க வேண்டியது இரண்டு கைகளும் ஒன்றுக்குள் ஒன்று நுழையும் பூட்டு. பத்து மடங்கு பெருக்கும் வில்லையில் அங்கே தலைமயிர் தடிப்பில் ஒரு பழுப்புக் கோடு தெரிந்தால், 3 வீத ஹைட்ரஜன் பெரொக்சைட் ஒரு துளி விடுங்கள். நுரை பொங்கினால் அது இரத்தம். பொங்காவிட்டால் பென்சில் அழிரப்பரால் தேயுங்கள். நிறம் போய் அடியில் வழுவழுப்பான உலோகம் தெரிந்தால் அது வெறும் கறை, தண்ணீரோ சவர்க்காரமோ விட்டுப்போனது. நிறம் போன இடத்தில் ஊசி குத்தியது போல் குழி தெரிந்தால் கறள். அந்தக் கருவியை ஒதுக்க வேண்டும். மற்றக் கருவிகளோடு ஒரே தட்டில் வைத்தால் அவற்றிலும் தொற்றும்.

அந்தப் பூட்டுக்குள் தூரிகை போகாது. மீயொலித் தொட்டி தன் விலைக்கு வேலை செய்வது இங்கேதான். 35 முதல் 45 கிலோஹேட்ஸ் அதிர்வில் தண்ணீருக்குள் நுண்குமிழிகள் உருவாகி உடையும்போது இடுக்கில் உள்ள அழுக்குக் கழன்று வரும். பெரிய அழுக்கைக் கையால் நீக்கிய பிறகு, விரித்த நிலையில், கம்பிவலைக் கூடையில் வைத்து ஐந்து முதல் பத்து நிமிடம். புதிதாக நிரப்பிய தண்ணீரில் கரைந்த காற்று இருக்கும், அது போகும்வரை சில நிமிடம் வெறுமையாக ஓடவிட வேண்டும். இல்லாவிட்டால் சத்தம் மட்டும்தான் கேட்கும். தொட்டி வேலை செய்கிறதா என்று அறிய, சமையலறை அலுமினியத் தாளை அரை நிமிடம் தண்ணீரில் தொங்கவிட்டு எடுத்தால் காணும். தாள் முழுக்கச் சீராகப் பொத்தல் விழுந்திருந்தால் நல்லது. ஒரு பக்கம் மட்டும் விழுந்திருந்தால் அடியில் உள்ள அதிர்வான் ஒன்று போய்விட்டது. கமராக் குழாய், வில்லை உள்ளவை, அலுமினியச் சாமான்கள் இதற்குள் வேண்டாம்.

கழுவித் தொற்றுநீக்கும் இயந்திரம் இவை எல்லாவற்றையும் ஒரே கதவுக்குள் செய்யும். கடைசியில் 90 பாகையில் ஒரு நிமிடமோ, இரத்தத்தால் பரவும் வைரசுகளையும் கணக்கில் எடுத்தால் ஐந்து நிமிடமோ வெந்நீர் ஓடும். மனிதக் கை களைக்கும், இது களைக்காது. கூரான சாமானால் கையில் குத்து வாங்கும் ஆபத்தும் குறையும். ஆனால் மூன்று கட்ட மின்சாரம், மென்மையாக்கிய தண்ணீர், கடைசி அலசலுக்கு உப்பு நீக்கிய தண்ணீர், சவர்க்காரத்தை அளந்து ஊற்றும் பம்புகள், அவற்றைத் திருத்தத் தெரிந்த ஆள், எல்லாம் வேண்டும். நாளுக்குப் பத்துச் செற்றுக்கு (ஒரு சத்திரசிகிச்சைக்கான கருவித் தொகுதி ஒரு செற்) மேல் வராத இடத்தில் மூன்று தொட்டியும் நல்ல மீயொலித் தொட்டியும் போதும் என்பதே எங்கள் கணிப்பு. அதற்கு மேல் போனால் இயந்திரம் இல்லாமல் சமாளிக்க முடியாது, ஆட்கள் களைத்து அவசரப்படுவார்கள்.

தண்ணீர்

திருகோணமலை நகரின் குழாய்த் தண்ணீர் கந்தளாய்க் குளத்திலிருந்து சுத்திகரித்து வருகிறது. கழுவுவதற்கும் முதல் அலசலுக்கும் அது போதும். சிக்கல் வருவது குழாய்த் தண்ணீர் நின்றவுடன் கிணற்று மோட்டரைப் போடும்போது. உப்புவெளி, நிலாவெளிப் பக்கக் கரையோரக் கிணறுகளில் ஆவணியில் வாயில் வைத்தாலே உப்புத் தெரியும். உருக்கில் குழி விழுத்துவது குளோரைட்டு. அலசிய தண்ணீர் காய்ந்து போகும், அதிலிருந்த உப்பு பூட்டுக்குள் தங்கிவிடும். அதன்மேல் 134 பாகை நீராவி பட்டால் ஒரு செற் எத்தனை மாதம் தாங்கும் என்று கருவி வாங்கியவருக்குத் தெரியும். "மலிவுச் சாமான், அதுதான் கறள்" என்று கம்பனியைத் திட்டுமுன் தொட்டித் தண்ணீரைச் சோதித்துப் பார்க்கலாம்.

எனவே மூன்றாவது தொட்டிக்கு எதிர்ச் சவ்வூடுபரவல் தண்ணீர் வேண்டும். பதவியா, அனுராதபுரம் பக்கம் சிறுநீரக நோய்க்குப் பிறகு ஊருக்கு ஊர் வைத்த ஆர்.ஓ. தண்ணீர்தான் இதுவும், புது வித்தை எதுவும் இல்லை. கழுவும் அறைக்கு அது அப்படியே போதும். ஓட்டோகிளேவின் நீராவி உற்பத்திக்கு அது போதாது. பெரிய இயந்திரங்களுக்கான ஐரோப்பிய நியமம் கேட்பது சென்ரிமீற்றருக்கு 5 மைக்ரோசீமன்சுக்கு மேற்படாத கடத்துதிறன், மேசை இயந்திரங்களுக்கு 15. தண்ணீரில் உப்பு கூடினால் இந்த இலக்கமும் கூடும். குடிதண்ணீர் ஆர்.ஓ. பெரும்பாலும் இதைத் தாண்டும். அதற்குப் பின்னால் அயன் நீக்கும் பிசின் உருளை ஒன்று வைத்தால் சரியாகும். பேனை போன்ற கடத்துதிறன்மானி ஒன்று வாங்கி, காலையில் இலக்கத்தைப் பதிவுப் புத்தகத்தில் எழுதுங்கள். இலக்கம் ஏறத் தொடங்கினால் சவ்வோ பிசினோ முடிகிறது என்று பொருள். கருவியில் வெள்ளைப் புள்ளி தெரியும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

நீராவி: மூன்று வகை

வெப்பம் தாங்கும் எல்லாவற்றுக்கும் நீராவிதான். மலிவு, விரைவு, நஞ்சில்லை, சூட்டுக்கு எளிதில் சாகாத கிருமி வித்திகளையும் கொல்லும். இதில் விவாதம் இல்லை. விவாதம் காற்றை எப்படி வெளியேற்றுவது என்பதில்தான்.

கீழே அடுப்போ சுருளோ உள்ள, மேலே மூடியை முறுக்கிப் பூட்டும் நிலைக்குத்து வகையில் நீராவி மேலிருந்து நிரம்பிக் காற்றைக் கீழே தள்ளும். 121 பாகை, மானியில் சதுர அங்குலத்துக்கு 15 இறாத்தல். சுற்றிய பொதிக்கு 30 நிமிடம், அதற்கு மேல் காய வைக்கும் நேரம். இதில் வரும் ஏமாற்று எல்லோரும் அறிய வேண்டியது. அமுக்கமானி 15 காட்டினாலும், உள்ளே இருந்த காற்றில் பாதிதான் வெளியேறியிருந்தால் வெப்பநிலை 112 பாகைதான். காற்று வெளியேறவே இல்லையென்றால் 100. ஆகவே அமுக்கத்தைப் பார்த்து நேரம் எண்ணத் தொடங்கக் கூடாது, வடிகால் வெப்பமானியைப் பார்த்துத்தான் தொடங்க வேண்டும். வெப்பமானி இல்லாத இயந்திரத்தில் மூடியில் உள்ள வால்விலிருந்து நீராவி தொடர்ந்து பீறிடும்வரை திறந்து வைக்க வேண்டும். (நுவரெலியாவில் என்றால் வளியமுக்கம் குறைவு, மானியில் இன்னும் கூட்டி வைக்க வேண்டும். நமக்குக் கடல் மட்டம் என்பதால் புத்தகத்து இலக்கமே சரி.) திண்மமான கத்தரி, இடுக்கிக்கு இந்த வகை போதும். துணிப் பொதிக்கும் குழாய் உள்ள கருவிக்கும் நம்ப முடியாது.

முன்வெற்றிட வகை பம்பால் காற்றை உறிஞ்சி, நீராவி விட்டு, மறுபடி உறிஞ்சி, இப்படி மூன்று நான்கு முறை செய்தபின் 134 பாகையில் மூன்று முதல் நான்கு நிமிடம் வைத்திருக்கும். காய்தலும் சேர்த்து ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய ஒரு மணிநேரம். துணி, குழாய், சுற்றிய செற் எல்லாம் இதில் போகும்.

மேசை இயந்திரங்களில் N, S, B என்று வகுப்பு உண்டு. N என்றால் சுற்றாத திண்மக் கருவிக்கு மட்டும். S வகையில் எதைப் போடலாம் என்பது தயாரிப்பாளர் எழுதிக் கொடுத்ததைப் பொறுத்தது. B என்றால் முன்வெற்றிடம், குழாய் உள்ளவையும் போகும். பற்சிகிச்சை நிலையத்தில் பல்லைத் துளைக்கும் ஹான்ட்பீஸ் போடுவதென்றால் B இல்லாமல் முடியாது. "இதுவும் ஓட்டோகிளேவ்தான்" என்று N வகையைக் கொடுத்தால் வாங்க வேண்டாம்.

அளவுக்கு வருவோம். 30 x 30 x 60 சென்ரிமீற்றர் பெட்டியை ஓர் அலகு என்பார்கள், அதாவது 54 லீற்றர். ஒரு பெரிய சத்திரசிகிச்சைக்குச் செற்றும் துணிப் பொதியும் சேர்ந்து ஒன்று முதல் ஒன்றரை அலகு பிடிக்கும். நாளுக்கு ஆறு என்றால் ஆறு முதல் ஒன்பது அலகு. நான்கு அலகு இயந்திரத்தில் இரண்டு மூன்று சுற்று, மத்தியானத்துக்குள் முடியும். 23 லீற்றர் இயந்திரத்துக்குள் சிசேரியன் செற்றே படுக்காது. கருவிகளைப் பிரித்துப் பிரித்துப் போட்டு, ஒன்றின்மேல் ஒன்று அடைத்து, கடைசியில் ஈரப் பொதியோடு இரவு ஒன்பது மணிவரை தாதி நிற்பார். அந்த இயந்திரம் வாங்கலாம், பெரியது பழுதாகும் நாளுக்கு மட்டும். ஒரேயொரு பெரிய இயந்திரத்தை நம்பி இன்னொன்று இல்லாமல் தியேட்டர் நடத்துவது ஒற்றைச் சில்லில் ஓடுவது போல.

தாங்கித் தண்ணீர் கொதிக்கும் பகலில்

இது எந்த விலைமனுவிலும் எழுதியிருக்காது. பெரும்பாலான பெரிய இயந்திரங்களின் வெற்றிடப் பம்பு உள்ளே வளையமாகச் சுழலும் தண்ணீரால் வேலை செய்யும். அந்தத் தண்ணீரின் ஆவியமுக்கத்துக்குக் கீழே அதனால் உறிஞ்ச முடியாது. 15 பாகைத் தண்ணீருக்கு அது 17 மில்லிபார். 35 பாகைக்கு 56. 40 பாகைக்கு 74. ஐரோப்பாவில் வடிவமைத்த இயந்திரம் குளிர்ந்த குழாய்த் தண்ணீரை நினைத்துச் செய்தது. இங்கே கச்சான் வீசும் ஆடி ஆவணியில் கூரைமேல் கறுப்புப் பிளாஸ்டிக் தாங்கி. பகல் இரண்டு மணிக்கு அதில் கை வைக்க முடியாது.

விளைவு இப்படித் தெரியும். காலை ஆறு மணிக்கு இயந்திரத்தின் வெறும் அறையில், காற்று முழுதாக வெளியேறியதா என்று காட்டும் போவி-டிக் சோதனைத் தாள் முழுக்க ஒரே நிறமாக மாறி வரும், எல்லோருக்கும் திருப்தி. பகல் சுற்றில் பம்பு வேண்டிய ஆழத்துக்கு இறங்காது. புது இயந்திரம் நேரம் கடந்துவிட்டது என்று அலறி நிற்கும். நேரக் கணக்கில் மட்டும் ஓடும் பழைய இயந்திரம் ஒன்றும் சொல்லாமல் அடுத்த கட்டத்துக்குப் போகும், பொதியின் நடுவில் காற்று மிஞ்சும். வெளியே ஒட்டிய டேப் கறுத்திருக்கும். டேப் கறுப்பது பொதி சூட்டைக் கண்டது என்பதற்கு மட்டுமே சாட்சி.

திருத்துநர் வந்தால் கதவு ரப்பரை மாற்றச் சொல்வார். அதற்குமுன் கசிவுச் சோதனை போடுங்கள். வெற்றிடத்தில் நிறுத்தி வைத்தால் அமுக்கம் நிமிடத்துக்கு 1.3 மில்லிபாருக்கு மேல் ஏறக்கூடாது. அது சரியாக இருந்து போவி-டிக் மட்டும் பகலில் தோற்றால் ரப்பரில் பிழையில்லை. பம்பையும் அதற்கு வரும் தண்ணீரையும் பாருங்கள், நீராவியோடு கலந்து வரும் காற்றும் காரணமாகலாம். தாங்கியை நிலத்துக்கடியிலோ நிழலிலோ வைத்து, குழாயை வெயில் படாமல் மூடி, தேவையானால் சிறிய குளிரூட்டியோடு சுழற்சித் தாங்கி வைப்பது ஒரு வழி. மற்றது வாங்கும்போதே தண்ணீர் தேவைப்படாத உலர் பம்புள்ள இயந்திரத்தைக் கேட்பது. விலை கூட. ஆனால் தண்ணீர் வளையப் பம்பு ஒரு சுற்றுக்கு நூற்றுக்கணக்கான லீற்றரைக் குடிக்கும் என்பதையும் கணக்கில் போடுங்கள். குழாய் நிற்கும் ஊரில் அது சின்ன விடயம் இல்லை.

கறண்ட்

நான்கு அலகு மின் இயந்திரம் 30 முதல் 40 கிலோவாற் வரை இழுக்கும். தியேட்டர் விளக்கையும் குளிரூட்டியையும் நினைத்து வாங்கிய ஜெனரேட்டர் இதைத் தூக்காது. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணிநேரம் மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்கமாட்டோம். கறண்ட் போய் ஜெனரேட்டர் ஏறும் அந்தப் பத்துப் பதினைந்து விநாடி காணும், கட்டுப்பாட்டுப் பெட்டி அணைந்து சுற்று முறியும். அந்தப் பொதிகள் கிருமியழிந்தவை அல்ல. பிரித்து, மறுபடி சுற்றி, முதலிலிருந்து போட வேண்டும். கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு மட்டும் ஒரு யூ.பி.எஸ். வைப்பது சின்னச் செலவு. நீண்ட வெட்டுக்கு, காஸ் அடுப்பில் வைக்கும் 39 லீற்றர் வகை ஒன்று களஞ்சியத்தில் இருக்கட்டும். அவசரச் சிசேரியன் மின்சார சபையைக் கேட்டு வராது.

வெப்பம் தாங்காதவை

லப்பரஸ்கோப்பி, அதாவது சிறு துளை வழியே கமரா விட்டுச் செய்யும் சத்திரசிகிச்சை தொடங்கும் இடங்களில் கேள்வி சூடாவது இங்கேதான். எதிலீன் ஒக்சைட்டு வாயு எதற்குள்ளும் ஊடுருவும், நீண்ட மெல்லிய குழாய்க்கும் அதுவே வலுவானது. ஆனால் வாயுவில் ஒன்று முதல் ஆறு மணிநேரம், பிறகு 50 முதல் 60 பாகையில் எட்டு முதல் பன்னிரண்டு மணிநேரம் காற்றாட வேண்டும். ஒரே கமராவை வைத்திருப்பவருக்கு நாளுக்கு ஒரு நோயாளி. புற்றுநோய் உண்டாக்கும், காற்றில் 3 வீதம் சேர்ந்தாலே பற்றி எரியும். மணம் மூக்கில் பட்டால் அளவு எல்லையை எப்போதோ தாண்டியிருக்கும். தனி அறை, கூரைக்கு மேல் போகும் வெளியேற்றுக் குழாய், வாயு உணரி இல்லாத கட்டடத்தில் இதை வைக்க வேண்டாம்.

பிளாஸ்மா இயந்திரம் 50 பாகையைத் தாண்டாது, 28 முதல் 75 நிமிடத்தில் முடியும், மிஞ்சுவது தண்ணீரும் ஒட்சிசனும். கேட்க அழகாக இருக்கும். துணி, பஞ்சு, கடதாசி எதுவும் போகக்கூடாது, அவை பெரொக்சைட்டைக் குடித்துவிடும். அதற்கென்ற செயற்கை நார் உறை மட்டும். குழாயின் விட்டமும் நீளமும் இயந்திரத்துக்கு இயந்திரம் வரையறை உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, கருவி எலும்பாகக் காய்ந்திருக்க வேண்டும். வாடைக்காலத்தில், ஐப்பசி முதல் தை வரை, கழுவும் அறைச் சுவரே வியர்க்கும் ஊரில் குழாய்க்குள் ஒரு துளி ஈரம் மிஞ்சினாலும் இயந்திரம் பாதியில் நிற்கும், விலை கொடுத்த பெரொக்சைட் கசெற் வீணாகும். வடிகட்டிய அழுத்தக் காற்றுத் துப்பாக்கியும் உலர்த்தும் அலுமாரியும் இல்லாமல் பிளாஸ்மா வாங்குவது வலை இல்லாமல் தோணி வாங்குவது.

எங்கள் பரிந்துரை வேறு. வெப்பம் தாங்காத சாமானையே குறையுங்கள். 134 பாகை ஓட்டோகிளேவுக்குப் பொருந்தும் என்று பொறித்த திண்தொலைநோக்கியை, அதாவது வயிற்றுக்குள் பார்க்க விடும் வளையாத வில்லைக் குழாயைக் கேட்டு வாங்கினால் அது மற்றக் கருவிகளோடு நீராவியில் போகும். கமராத் தலைக்கும் வயருக்கும் கிருமியழித்த பிளாஸ்டிக் உறை மாட்டலாம். அதற்குப் பிறகும் மிஞ்சுவது வாரத்துக்கு ஒரு கூடை அளவுதான் என்றால், அதற்காக ஒரு பிளாஸ்மா இயந்திரம் வேண்டியதில்லை. அந்தக் கூடையை வசதியுள்ள பெரிய வைத்தியசாலைக்கு அனுப்புவதே சரி.

2 வீத குளுட்டரல்டிகைட்டு என்ற தொற்றுநீக்கித் திரவத்தில் பத்து மணிநேரம் ஊறினால் கிருமியழிப்பு என்று போத்தல் சொல்லும். உண்மைதான், ஆனால் எடுத்தவுடன் கிருமியழித்த தண்ணீரில் அலச வேண்டும், பொதியாக வைக்க முடியாது, தூக்கிய கணமே காலம் ஓடத் தொடங்கும். இருபது நிமிடம் போட்டெடுப்பது உயர்நிலைத் தொற்றுநீக்கம் மட்டும், வித்திகள் தப்பலாம். வளையும் எண்டஸ்கோப்புக்கு அது போதும், வயிற்றைத் திறந்து உள்ளே விடும் கருவிக்குப் போதாது. செயலூட்டிய கரைசலைப் பொதுவாக 14 நாள் பாவிக்கலாம். அதற்குள்ளும் சோதனைக் கீற்று தோற்றால் அன்றே ஊற்றிவிட வேண்டும். இதே வேலைக்கான ஓர்தோதலால்டிகைட்டு 0.55 வீதம் மணம் குறைந்தது, விரைவானது. சிறுநீர்ப்பைப் புற்றுநோயாளருக்குத் திரும்பத் திரும்பப் பாவிக்கும், சிறுநீர்ப்பைக்குள் பார்க்கும் சிஸ்டஸ்கோப்புக்கு அது கூடாது, கடும் ஒவ்வாமை வந்திருக்கிறது.

போமலின் வில்லை போட்ட பெட்டியை இன்னும் யாராவது வைத்திருந்தால் மூடிவிடுங்கள். உலர்வெப்ப அடுப்பு கண்ணாடிக்கும் பொடிக்கும் எண்ணெய்க்கும் உதவும், 160 பாகையில் இரண்டு மணிநேரம் அல்லது 170இல் ஒரு மணிநேரம். கூர்மையான கத்தரிக்கு வேண்டாம். தண்ணீரில் கொதிக்க வைப்பது கிருமியழிப்பே அல்ல.

சொந்தமாகவா, அனுப்பியா

கிண்ணியாவுக்கும் மூதூருக்கும் பாலங்கள் வந்தபின் நகரத்துக்குச் செற் அனுப்புவது நடக்கக்கூடிய காரியம். ஒரு நல்ல கழுவும் அறையும் ஒரு நல்ல இயந்திரமும் நான்கு அரைகுறை இடங்களை விட மேல். ஆனால் செற் போய்வரும் நேரத்துக்கு ஈடாகச் செற்றுகள் கூட வேண்டும். அங்கேயே கழுவினால் ஒன்றரை மடங்கு போதும், அனுப்பினால் மூன்று மடங்கு. அழுக்குப் பெட்டியும் சுத்தப் பெட்டியும் வேறுவேறு நிறத்தில் மூடிப் பூட்டியதாக இருக்க வேண்டும், ஒரே பயணத்தில் ஒன்றாக வரக்கூடாது. மகாவலி பெருகி வீதி மூடும் வாரத்துக்கு என்ன செய்வது என்றும் எழுதி வைத்திருக்க வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் தியேட்டர் நடத்தும் இடம் அனுப்பட்டும். தினமும் பிரசவ சத்திரசிகிச்சை வரும் இடத்துக்குச் சொந்த நீராவி வேண்டும்.

சுற்றுவதும் வைப்பதும்

துணியையும் கருவியையும் அடைத்துக் கிருமியழிக்கும், பக்கத்தில் துளை திறந்து மூடும் டிரம் எல்லா இடத்திலும் உண்டு. துளை முழுதாக மூடாது, நடுவில் அடைத்த துணிக்கு நீராவி போகாது, ஒருமுறை திறந்தால் மிச்சமும் போய்விடும். இரண்டு மடிப்புப் பருத்தித் துணியோ நெய்யாத் துணியோ நல்லது. பருத்தியை ஒவ்வொரு முறையும் தோய்த்துப் பாவிக்க வேண்டும். கச்சான் வெயிலில் மொறுமொறுவென்று காய்ந்த துணியை உடனே போட்டால் அது நீராவியின் ஈரத்தைக் குடித்து மிதமிஞ்சிச் சூடாகும், நடுவில் ஈரநீராவி இராது. தோய்த்த துணி அறைக்காற்றில் சில மணிநேரம் கிடக்கட்டும். ஒரு செற் 10 கிலோவைத் தாண்ட வேண்டாம், தாண்டினால் காயாது.

இயந்திரத்திலிருந்து எடுத்த பொதியைத் தொட்டுத் தூக்கி, குளிர்ந்த உலோக மேசையில் வைத்தால் அடியில் வியர்க்கும். அந்த ஈரத்தோடு வெளிக் கிருமி துணி வழியே உள்ளே போகும். வண்டியிலேயே அரை மணி முதல் ஒரு மணிநேரம் ஆறட்டும். களஞ்சிய அறை 24 பாகைக்குள்ளும் ஈரப்பதன் 70 வீதத்துக்குள்ளும் இருக்க வேண்டும். வாடைக்காலத்தில் இரவில் ஏ.சி.யை நிறுத்திக் காலையில் போடும் சிக்கனம் இங்கே செலவாகும். குளிர்ந்த பொதிமேல் ஈரக்காற்றுப் பட்டு ஒவ்வொரு நாளும் பனிக்கும். கடலைப் பார்த்த சன்னலுக்குப் பக்கத்தில் அலுமாரி வைப்பதும் வேண்டாம், உப்புக்காற்று பூட்டுக்கும் கீலுக்கும் முதலில் வரும்.

கையெழுத்துப் போடுமுன்

இயந்திரம் வந்து பூட்டியபின் விற்பனையாளர் காலை நேரத்தில் ஒரு சுற்று ஓட்டிக் காட்டி ஏற்புப் பத்திரத்தை நீட்டுவார். கசிவுச் சோதனை, மூன்று போவி-டிக், நீங்கள் நிரப்பக்கூடிய மிகக் கனமான சுமையோடு ஒரு முழுச் சுற்று, அதன் நடுவில் கிருமி வித்திகள் அடங்கிய சோதனைக் குப்பி, அதே தொகுதியில் கிருமியழிக்காத குப்பி ஒன்று ஒப்பிட, இவ்வளவும் கேளுங்கள். குப்பிகளை 55 முதல் 60 பாகையில் அடைகாத்து முடிவு வரும்வரை காத்திருங்கள். மூன்று போவி-டிக்கில் ஒன்றைப் பகல் இரண்டு மணிக்கு, தாங்கித் தண்ணீர் கொதிக்கும் வேளையில் ஓட்டச் சொல்லுங்கள். அந்தத் தாளின் நடுவில் வெளிறிய வட்டம் தெரிந்தால் பேனையை மூடிவிடலாம்.